தீவாந்தரத்தான் வகையறா

காஞ்சிபுரம் தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில் எனக்கு மனு எழுதும் கடை இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. அந்த நாற்காலிகளில் சத்யராஜ் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பதினோரு வருடமாக வருகிறான். டீயை நின்றுகொண்டே குடிப்பான், பாதியில் வாசலுக்குப் போவான், வண்டியைப் பார்ப்பான், திரும்பி வருவான். ஒரு இடத்தில் நில்லப்பா, பார்க்கிற எனக்குக் கால் வலிக்கிறது என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

வண்டி என்றால் குட்டியானை, சின்ன லோடு வண்டி. பட்டுப்புடவைக் கட்டு, பந்தல் கம்பி, வாடகைக்குப் போகும் பிளாஸ்டிக் சேர், எது கிடைத்தாலும் ஏற்றுவான். அதற்கு முன்னால் ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் ஒரு வருடம், ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக ஆறு மாதம், செல்போன் டவரில் ஏறும் வேலை நாலு மாதம் என்று ஏழெட்டு வேலை பார்த்தவன். எதிலும் தரிக்கவில்லை. வயது முப்பத்தெட்டு. மனைவி கலையரசி வீட்டில் புடவை முந்திக்குக் குஞ்சம் கட்டிக் குடும்பத்தை நிறுத்தி வைத்திருப்பதால்தான் இவன் இப்படி அலைய முடிகிறது என்பது என் கட்சி. அவன் கட்சி வேறு.

"தீவாந்தரத்தான் ரத்தம் பாய். ஒரு எடத்துல நிக்காது."

வெள்ளைக்காரன் காலத்தில் கொலைக் கேஸில் தூக்குத் தப்பியவர்களைக் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்புவார்கள். அதற்குத் தீவாந்தர சிட்சை என்று பெயர். சத்யராஜின் கொள்ளுத்தாத்தா முனுசாமி அப்படிப் போனவர். ஊர் தாமல். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, ஆண்டை வயலில் கூலி. மழை பொய்த்த ஒரு வருடம் ஏரித் தண்ணீருக்காக இரண்டு ஆண்டைகளுக்குள் தகராறு. இவருடைய ஆண்டை மடையைத் திறக்கச் சொன்னார், இவர் போய்த் திறந்தார். எதிர்த் தரப்புக் காவல்காரன் தடுக்க வந்தான். மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி, ஆள் விழுந்து செத்தான். திறக்கச் சொன்னவர் கோர்ட்டுப் பக்கமே வரவில்லை, திறந்தவர் கப்பல் ஏறினார்.

கப்பல் ஏறியவன் திரும்பப் போவதில்லை என்று, ஆள் உயிரோடு இருக்கும்போதே ஊரில் கருமாதி செய்தார்கள். பெண்சாதி கங்கையம்மாளின் தாலியை அறுத்தார்கள். அப்போது அவள் வயிற்றில் இருந்த பிள்ளைதான் ஏகாம்பரம், சத்யராஜின் தாத்தா. முனுசாமியின் தம்பி கன்னியப்பன் கல்யாணமே செய்துகொள்ளாமல் அண்ணிக்கும் பிள்ளைக்கும் துணையாக இருந்தார் என்று கதையில் ஒரு வரி வரும். அதற்கு மேல் கன்னியப்பனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு ஊரில் தீவாந்தரத்தான் வகையறா என்று பெயர். திட்டுவதற்கு வைத்த பெயர். கொலைகாரன் வீடு என்று கலையரசியின் அப்பா பெண் கொடுக்க மூன்று மாதம் யோசித்தார். சத்யராஜ் அந்தத் திட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். வண்டியின் பின்கதவில் கொட்டை எழுத்தில் ‘தீவாந்தரம்’ என்று எழுதினான். ஒரு போலீஸ்காரர் வழியில் நிறுத்தி, இது எந்த ஊருப்பா என்று கேட்டாராம். எனக்கு இந்தப் பெருமை பிடிக்காது. ஒருத்தனை அடித்துக் கொன்றதில் என்ன பெருமை என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"கூலிக்காரன் பேர யாரு பாய் நூறு வருசம் வெச்சிருப்பாங்க? எங்க பாட்டன் பேரு இருக்குது" என்றான்.

அவன் தொல்லை தாங்காமல்தான் அந்தமான் தமிழர்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றில் எழுதிப் போட்டேன். தாமல் முனுசாமி, கொலை வழக்கில் அனுப்பப்பட்டவர், வாரிசுகள் இருந்தால் தொடர்பு கொள்ளவும் என்று சத்யராஜின் நம்பரையும் கொடுத்தேன். பதினாலு மாதம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. போன தை மாதம் அவனுக்கு ஒரு போன் வந்தது.

பேசியவள் பெயர் சுகாசினி. ஐம்பது வயது, போர்ட் பிளேரில் நர்ஸ், முனுசாமியின் கொள்ளுப்பேத்தி. முனுசாமி அங்கே ஒரு கைதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, அங்கேயே மண்ணாகியிருக்கிறார். சுகாசினிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். "எம் பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லன்னு இருந்தேன். நீ எனக்குத் தம்பி முறைதானே? நீ வந்து மாமனா நிக்கணும்" என்றிருக்கிறாள். அன்றைக்கு சத்யராஜ் என் கடைக்கும் டீக்கடைக்கும் எத்தனை நடை நடந்தான் என்று எண்ண முடியவில்லை. பிளேன் வேண்டாம், பாட்டன் போன மாதிரி கப்பலில்தான் போவேன் என்று டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

கல்யாணத்துக்கு முன்னால் சுகாசினிக்கு இங்கே ஒரு வேலை இருந்தது. பூவாடைக்காரிக்குப் புடவை வைக்க வேண்டும். புருஷன் இருக்கும்போதே, பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக நினைத்து, நல்ல காரியத்துக்கு முன்னால் புதுப்புடவை, மஞ்சள், பூ வைத்துக் கும்பிடுவார்கள். நான் முஸ்லிம், ஆனால் பிறந்து வளர்ந்தது இந்த ஊர், இந்தப் பக்கத்து வழக்கமெல்லாம் எனக்கு மனப்பாடம். கடல் தாண்டிப் போயும் அந்த வீட்டில் இதை விடவில்லை. அவர்களுடைய பூவாடைக்காரி வேறு யாருமில்லை, கங்கையம்மாள்தான். முனுசாமி சிறையில் இருக்கும்போதே அவள் வாந்திபேதியில் போய்விட்டாளாம். இந்தத் தடவை காஞ்சிபுரம் பட்டு எடுத்து, அவள் வாழ்ந்த ஊரிலேயே வைத்துக் கும்பிட வேண்டும் என்று சுகாசினிக்கு ஆசை.

ஒரு புதன்கிழமை அவளைச் சத்யராஜ் கடைக்குக் கூட்டி வந்தான். மெலிந்த உடம்பு, நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். தமிழ் தடுமாறிய இடத்தில் இந்தியில் இறங்கினாள், நான் உருதுவில் பிடித்துக்கொண்டேன்.

"நசீருதீன் பாய், எங்கப்பா வாங்கி வெச்ச பேப்பருங்க. தம்பிக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுங்க, அப்படியே தமிழ்ல சொல்லிடுங்க" என்று ஒரு ஃபைலை நீட்டினாள்.

மூன்று தாள்கள், இங்கிலீஷ். முதல் தாள், முனுசாமி 1889-இல் கப்பல் ஏறியதைச் சொன்னது. மூன்றாவது, அவர் 1931-இல் இறந்ததைச் சொன்னது. நடுத்தாள்தான் எனக்குப் புதுசு. பத்து வருடம் ஒழுங்காக இருந்த கைதிக்கு அங்கே கொஞ்சம் நிலம் கொடுத்து, ஊரிலிருந்து பெண்சாதியை வரவழைத்துக்கொள்ளவும் விடுவார்களாம். முனுசாமி கேட்டிருக்கிறார். 1900-இல் தாசில்தார் ஊருக்கு வந்து விசாரித்திருக்கிறார். ‘கைதியின் மனைவி இரண்டு வருடத்துக்கு முன் வாந்திபேதியில் இறந்துவிட்டதாகக் கைதியின் தம்பி வாக்குமூலம்.’ அவ்வளவுதான் பதில்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் சுகாசினி சொன்னாள். "இந்தச் சேதி வந்த அன்னிக்கு எங்க பாட்டா தலை மழிச்சிக்கிட்டாராம். கடலோரம் இலை போட்டு அழுதாராம். ரெண்டு வருசம் கழிச்சித்தான் எங்க பாட்டியைக் கட்டினாரு."

சத்யராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பிறகு அக்காளைப் பட்டுக் கடைக்கு அழைத்துப் போனான்.

அவர்கள் போனதும் எனக்கு ஏதோ உறுத்தியது. இரண்டு வருடம் முன்னால் சத்யராஜின் அத்தை பட்டம்மாளின் மனைக்குப் பட்டா மாற்ற நான்தான் மனு போட்டேன். தாமலில் இருக்கும் அந்த மனையின் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்தது கம்ப்யூட்டரில் இருந்தது. திறந்து பார்த்தேன். 1913-ஆம் வருடத்துப் பத்திரம். ‘காலஞ்சென்ற முனுசாமி பெண்சாதி கங்கையம்மாள், மேற்படியாள் மைனர் குமாரன் ஏகாம்பரம் வயது 11, கார்டியன் கன்னியப்பன்.’ கீழே கங்கையம்மாளின் இடது கைப் பெருவிரல் ரேகை.

முனுசாமி கப்பல் ஏறியது 1889-இல். பிள்ளை பிறந்தது 1902-இல். அப்படியானால் கங்கையம்மாளுக்குப் பதிமூன்று வருடக் கர்ப்பம். தவிர, வாந்திபேதியில் போனவள் பதினைந்து வருடம் கழித்து வந்து ரேகை வைத்திருக்கிறாள். முப்பது வருடமாக வாரிசு மனு எழுதுகிற எனக்கு இது விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கன்னியப்பன் அண்ணன் பெண்சாதியோடு குடும்பம் நடத்தியிருக்கிறார். அண்ணன் அவளைக் கூப்பிட்டு ஆளனுப்பியபோது, செத்துவிட்டாள் என்று சொல்லித் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறார். இந்த சத்யராஜ் பயல் வண்டியின் பின்னால் எழுதி வைத்திருக்கும் ஆளுக்கு இவன் பேரனே இல்லை, அந்த ஆளை ஏமாற்றியவருக்குப் பேரன்.

மறுநாள் காலை அவனை வரவழைத்துக் காட்டினேன். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் சூடு அதிகம். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அது வேற கங்கையம்மாவா இருக்கும் பாய்."

"தாமல் முனுசாமி பெண்சாதின்னே போட்டிருக்குதுப்பா."

"வயச தப்பா எழுதியிருப்பாங்க. அந்தக் காலத்துல யாருக்கு வயசு தெரியும்?"

"இருபத்து மூணு வயசு ஆளப் பார்த்துப் பதினொண்ணுன்னு எவனும் எழுத மாட்டான். மைனர்னு வேற இருக்குது."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தான். வெள்ளைக்காரன் வருஷத்தைத் தப்பாக எழுதியிருந்தால் என்று கேட்டான். மூன்று தாளிலும் தப்பாக எழுதுவானா என்றேன். போனான். நாலு மணிக்கு மறுபடி வந்தான். லோடு ஏற்றப் போனவன் வெறும் வண்டியோடு ஊரைச் சுற்றியிருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அந்த ஸ்கேன அழிச்சிடுங்க பாய்."

"அழிக்கிறேன். பத்திரம் உங்க அத்தை பெட்டியில இருக்குதே, அத இன்னா பண்ணுவ?"

ஜெராக்ஸ் மிஷின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். "எனக்கு யாரு பாய் இருக்காங்க? அப்பன் குடிச்சே செத்தான். கூடப் பொறந்தவ ஒருத்தி கெடையாது. அக்கா போன்ல தம்பின்னு சொன்னப்ப, கலையரசி பார்த்துக்கினு இருக்கா, நான் அழுவுறேன். இப்போ போயி, உங்க பாட்டன ஏமாத்தினவன் வூட்டுப் புள்ளதான் நானு, நான்தான் உங்க பொண்ணுக்கு மாமனா நிக்கப்போறேன்னு சொல்லவா?"

"சொல்லாத" என்றேன். "கல்யாணம் முடியட்டும். அவங்க ஒரு புடவை வெச்சிக் கும்பிட்டுட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

மனு எழுதுகிறவனின் புத்தி எனக்கு. எதை எழுதினால் காரியம் நடக்கும், எதை விட்டால் நடக்கும் என்றே முப்பது வருடம் யோசித்தாயிற்று. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாமலில், பட்டம்மாள் அத்தை வீட்டில் படையல். கலையரசி காலையிலேயே சமைக்கப் போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் குட்டியானையில் கிளம்பினோம். சுகாசினி முன்னால், புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. நான் பின்னால் தொட்டியில், வாழையிலைக் கட்டோடு. பாலுசெட்டிசத்திரம் தாண்டியதும் வண்டி இடமோ வலமோ திரும்பும் என்று பார்த்தால் நேராகப் போனது. தாமல் போய்விட்டது, ஏரிக்கரை போய்விட்டது, ஓச்சேரி வந்துவிட்டது. பிறந்த ஊருக்கு வழி தெரியாதவனா இவன்? நான் கேபினைத் தட்டினேன். ரோட்டோரம் நிறுத்தினான், இறங்கினான், நன்றாக இருந்த டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னால முடியல பாய்" என்றான்.

"முடியலன்னா திரும்பிடு. அக்காவுக்குத் தலவலின்னு சொல்லிக்கலாம்."

"பேசாம இருங்க பாய்." முதல் தடவையாக என்னிடம் கோபமாகப் பேசினான். வண்டியைத் திருப்பினான்.

பட்டம்மாள் அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. ஏகாம்பரத்தின் மகள், சத்யராஜின் அப்பாவுக்கு அக்கா. செங்கல் சூளையில் நாற்பது வருடம் கல் சுமந்த உடம்பு, இன்னும் நிமிர்ந்து நடக்கிறாள். அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டின் கூடத்தைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்தாள். நான் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டேன். சத்யராஜ் இரண்டு இலை போட்டான், முனுசாமிக்கு ஒன்று, கங்கையம்மாளுக்கு ஒன்று. இலை போடுவதும் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் வீட்டு ஆண் வேலை. யார் இலைக்கு என்ன துணி, என்ன பூ என்பதெல்லாம் பெண்கள் பாடு, அதில் அவன் தலையிட்டதே இல்லை.

சுகாசினி பெட்டியைத் திறந்தாள். அரக்குப் பட்டு, மஞ்சள் கரை, நல்ல ஜரிகை. கூடவே மல்லிகைப் பூ, மஞ்சள், குங்குமம்.

"இது யாருக்கும்மா?" என்றாள் பட்டம்மாள்.

"கங்கையம்மா பாட்டிக்கு, அத்தை. எங்க வீட்டுப் பூவாடைக்காரி."

பட்டம்மாள் கையை நீட்டித் தடுத்தாள். "எங்க வூட்ல அதுக்குப் பூ வெக்கறதில்ல. தாலி அறுத்த பொம்பள. வெள்ளத் துணிதான் போடுவோம்." சொன்னபடி கொடியிலிருந்து ஒரு வெள்ளை வேட்டித் துண்டை எடுத்தும் வைத்திருந்தாள்.

"இல்ல அத்தை. எங்க பாட்டா உயிரோட இருக்கறப்பவே அவங்க வாந்திபேதில போயிட்டாங்க. பேப்பர் இருக்கு."

"எந்த வாந்திபேதி? எங்கப்பன வளத்து ஆளாக்கி, கண்ணாலம் கட்டி வெச்சிட்டுதான் கெழவி செத்தா."

சுகாசினி ஃபைலைத் திறந்து அந்த நடுத்தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கு ரெடியாக இருந்தது. பழைய காகிதம், எழுதினவன் ஏதாவது தப்பாக எழுதியிருப்பான் என்று சொல்லி இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்த எனக்கு அரை நிமிஷம் போதும். வாயைத் திறந்தேன்.

"இருங்க பாய்" என்றான் சத்யராஜ்.

அவன் சுகாசினியைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, எங்க தாத்தா ஏகாம்பரம் உங்க பாட்டனுக்குப் பொறக்கல. அவரு கப்பல் ஏறிப் பதிமூணு வருசம் கழிச்சிப் பொறந்தவரு. கன்னியப்பன் புள்ள. அந்தம்மா செத்துட்டாங்கன்னு தாசில்தார்கிட்ட சொன்னது அந்தக் கன்னியப்பன்தான். உயிரோட கூட வெச்சிக்கினே சொல்லியிருக்கான். உங்க பாட்டன் கூப்பிட்டாரு, இவன் அனுப்பல. நான் அவன் வழி. ரெண்டு நாளா எனக்குத் தெரியும். சொல்லல."

கலையரசி கரண்டியைக் கீழே வைத்தாள். பட்டம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அவரு எங்கப்பனப் பெத்தவருன்னு எனக்குத் தெரியும்டா. எங்க காலத்து ஊருக்கே தெரியும். என்னத் தோள்ல தூக்கிக்கினு ஏரிக்குப் போவாரு, எனக்கு அஞ்சு வயசுல செத்தாரு. தீவாந்தரத்தான் பேரு பெரிய பேராப் போச்சு, அதையே சொல்லிக்கினு இருந்துட்டோம்." சுகாசினி பக்கம் திரும்பினாள். "அவ செத்துட்டதா எழுதிக் குடுத்தது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

சுகாசினியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "அவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றாள். "அவ்ளோ தூரம் தாசில்தார் வந்தாரே. வர்றியா, போறியான்னு அவங்களக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கூலிக்காரப் பொம்பளய யாரும்மா கேப்பாங்க?" என்றாள் பட்டம்மாள்.

சுகாசினி எழுந்து வெளியே வந்தாள். என்னைத் தாண்டித் தெருவில் இறங்கி, ஏரிக்கரைப் பக்கம் வேகமாக நடந்தாள். நான் பின்னால் போனேன். கரை மேல் நின்றாள். தண்ணீர் அவ்வளவாக இல்லை, தூரத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் அழுதாள், சத்தமில்லாமல், நர்ஸுகள் அழுவது போல முகத்தை அசைக்காமல். பிறகு இந்தியில் பேசினாள்.

அவளுடைய கொள்ளுப்பாட்டி கைதியாகப் பெண்கள் சிறையில் இருந்தவள். நல்ல பேர் எடுத்த ஆண் கைதி யாராவது வந்து கட்டிக்கொண்டால்தான் அங்கிருந்து வெளியே வர முடியும். வரிசையில் நிற்க வைப்பார்களாம், முனுசாமி வந்து பார்த்துச் சரி என்றிருக்கிறார். "கங்கையம்மா கப்பல் ஏறி வந்திருந்தா, பாட்டா அந்த வரிசைக்கு வந்திருக்கவே மாட்டாரு. எங்க பாட்டி அந்த ஜெயில்லயே செத்திருப்பா. அந்தப் பொய்யாலதான் நான் பொறந்தேன் பாய். அத நான் எப்படித் திட்டுவேன்? எப்படித் திட்டாம இருப்பேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டவன் நான்தான். அதை அவளிடம் சொன்னேன், சொல்லாதே என்று சத்யராஜைத் தடுத்தவன் நான் என்பதையும் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் நல்லவன்" என்று மட்டும் சொன்னாள். வீட்டைப் பார்த்து நடந்தாள்.

உள்ளே யாரும் எதையும் தொடவில்லை. புடவை பெட்டியில் கிடந்தது, வெள்ளைத் துண்டு பட்டம்மாள் கையில் இருந்தது. என்னால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வாசற்படியில் நின்றே சொன்னேன். இந்த மனைக்கே இன்னொரு பத்திரம் இருக்கிறது, 1926-ஆம் வருடத்துப் பத்திரம். அதில் ‘காலஞ்சென்ற கங்கையம்மாள் குமாரன் ஏகாம்பரம்’ என்று போட்டிருக்கிறது. முனுசாமி இறந்தது 1931. அவள் போகும்போது அவர் உயிரோடு இருந்தார்.

பட்டம்மாள் அதை மெதுவாக யோசித்தாள். விரலை மடக்கினாள். "தாலி கட்டினவன் இருந்தான். கன்னியப்பத் தாத்தா எனக்கு அஞ்சு வயசு வரைக்கும் இருந்தாரு, அவரும் இருந்தாரு. ரெண்டு புருசனும் இருக்கறப்பவேதான் போயிருக்கா." கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். "நாம நூறு வருசமா வெள்ளத் துணி போட்டுக்கினு இருந்திருக்கோம்."

கலையரசி அவள் கையிலிருந்து அந்தத் துண்டை வாங்கி அப்பால் போட்டாள். பெட்டியிலிருந்து பட்டை எடுத்துப் பிரித்து, கங்கையம்மாள் இலைக்கு முன்னால் வைத்தாள். பூவைச் சுகாசினி கையில் கொடுத்தாள், "நீங்க வெய்ங்கக்கா" என்றாள். சுகாசினி வைத்தாள். பட்டம்மாள் மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து வைத்தாள்.

சத்யராஜ் ஒரு ஓரமாகப் போய் இலைக் கட்டிலிருந்து இன்னொரு இலையை உருவினான். தண்ணீர் தெளித்து மூன்றாவதாகப் போட்டான். அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்த இலையைப் போட்டதில்லை. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"நான் அவரைக் கும்பிட மாட்டேன்" என்றாள் சுகாசினி.

"வேணாங்க்கா. கல்யாணத்துக்கும் நீங்க வேற ஆளப் பார்த்துக்கங்க. டிக்கெட்ட நான் கேன்சல் பண்ணிடறேன்."

அவன் இலைகளுக்கு முன்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். முனுசாமி பெயரைச் சொல்லும்போது வழக்கமாகச் சொல்லும் பாட்டன் என்ற சொல்லை விட்டுவிட்டு, பெரிய பாட்டன் என்றான். கங்கையம்மாளைக் கூப்பிட்டான். மூன்றாவது இலைக்கு வந்தான்.

"கன்னியப்பா" என்றான். "நான் உன் பேரன்தான். உனக்குத்தான் பேரன். ஏன் அப்படிச் சொன்ன? அந்தம்மா மேல ஆசயா இருந்துச்சின்னா அந்தம்மாவயே கேட்டிருக்கலாமே. இருக்கறியா, போறியான்னு கேட்டிருக்கலாமே." தேம்பினான். முப்பத்தெட்டு வயது ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

முதல் இரண்டு இலைகளிலும் எல்லாம் வைத்தாகிவிட்டது. சோறு, சாம்பார், பொரியல், வடை, பாயசம். மூன்றாவது வெறும் இலையாகவே கிடந்தது. கலையரசி கரண்டியை எடுத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அத்தையைப் பார்த்தாள். சுகாசினி அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்து அந்த மூன்றாவது இலையில் வைத்தாள். சாம்பார் ஊற்றவில்லை. வடை வைக்கவில்லை.

"அங்க எங்க வீட்டுல இவருக்கு இலை கெடையாது தம்பி" என்றாள். "இங்க நீ போடு. போட்டுட்டு, கப்பலுக்கு வா."